எண்பத்தேழாவது வீடு

சென்ற வாரம் ஓர் அட்டைப்பெட்டி மூன்று மாடி ஏறி இந்த வீட்டுக்குள் வந்து சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டது. உள்ளே இருநூறு கேள்வித்தாள்கள். மதுவைப் பற்றி மாணவர்களுக்கு என்ன தெரியும், என்ன நினைக்கிறார்கள், எவ்வளவு குடிக்கிறார்கள் என்று பல்கலைக்கழகம் முழுக்க அலைந்து, பெயர் எழுதாமல் நிரப்பி வாங்கியவை. முதுகலை கடைசி வருடத்தில் இருக்கும் பெரியவளின் ஆராய்ச்சி முழுவதும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது.

அதே பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும் சின்னவன் மட்டும் பெட்டியைத் தூக்க வரவில்லை. முதுகு வலி என்றான். அரைமணி நேரம் கழித்து அதே முதுகோடு பந்து விளையாடப் போனான்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அப்பா பால் வாங்கிக்கொண்டு படியேறினார். எதிர்வீட்டுப் பல் டாக்டரின் பலகை முன்னால் வழக்கம்போல ஒரு நிமிடம் நின்றார். ‘பல் மருத்துவ ஆலோசணை’ என்று எழுதியிருந்த பலகை அது. மூன்று வருடத்துக்கு முன்பு யாரோ அந்த மூன்று சுழி ‘ண’வைச் சிவப்பு மையால் அடித்து, மேலே ரெண்டு சுழி ‘ன’ போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். டாக்டர் எவ்வளவு துடைத்தும் போகவில்லை.

“யாரோ விஷயம் தெரிஞ்சவன்,” என்று அப்பா தினமும் தனக்குத்தானே சொல்வதை அன்றும் சொன்னார். “கோட்டைப் பாரு, எவ்வளவு நேரா இருக்கு!”

அப்பா பிழைதிருத்துபவர். மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கிற துண்டுச்சீட்டுகளை அச்சிடும் அச்சகத்தில் இருபத்தாறு வருட வேலை. ஒரு பிழைகூட அவரைத் தாண்டி வெளியே போனதில்லை. மதுவைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒரே வாக்கியம்: ‘இம்மருந்தை மதுவுடன் சேர்த்து உட்கொள்ளக் கூடாது.’ அதை ஆயிரக்கணக்கான முறை படித்துச் சரிபார்த்திருக்கிறார். அந்த வாக்கியம் வீட்டுக்குள்ளும் செல்லுபடியாகும் என்பது அவர் நம்பிக்கை.

மேசையில் பெரியவள் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். தாள்களையெல்லாம் நீளவாக்கில் மடித்து, ஓரத்துப் பதில் பத்தி மட்டும் தெரியும்படி அடுக்கி வைத்திருந்தாள். அப்பா வாசிக்க வேண்டும், அவள் தட்டச்ச வேண்டும்.

“கேள்வியெல்லாம் படிக்காதீங்கப்பா. எண்ணும் பதிலும் மட்டும் சொன்னா போதும். அதுக்கு முன்னாடி இதுல ஒரு கையெழுத்து.”

‘இத்தாள்களில் காணும் எதையும் எவரிடமும் வெளியிட மாட்டேன்’ என்று ஒரு உறுதிமொழி. அப்பா படித்தார், ஒரு காற்புள்ளி சேர்த்தார், கையெழுத்துப் போட்டார்.

“யார் எழுதினதுன்னு தெரிஞ்சாலும் வாயைத் திறக்கக் கூடாது.”

“எனக்கு எப்படித் தெரியப்போகுது? இருநூறு பேர்ல நான் யாரைக் கண்டேன்?”

வேலை ஓடியது. கையெழுத்துகள் வழியே முகம் தெரியாத மாணவர்கள் ஒவ்வொருவராக மேசைக்கு வந்து போனார்கள்.

“அஞ்சு, பீர் மது வகையைச் சேராது. ஆறு, குளிச்சா போதை இறங்கிடும். ஏழு, குடித்ததில்லை. எட்டு, போன மாசம் நாலு தடவை.”

“குடிச்சதே இல்ல, ஆனா நாலு தடவையா?”

“பக்கத்துல விளக்கம் எழுதியிருக்கான். ‘நானாகக் குடித்ததில்லை. ஊற்றினார்கள்.’”

பெரியவள் தலையில் கை வைத்தாள். ஆனால் அவளைக் கலங்கடித்தது அதுவல்ல. நாலாம் கேள்வி.

“நாலு, பூஜ்யம்.”

“திரும்பவும் பூஜ்யமா?”

“பூஜ்யம்தான். அடுத்ததும் பூஜ்யம். இதோ ஒருத்தன் ஒண்ணு போட்டிருக்கான். அதுக்கடுத்தது பூஜ்யம்.”

நாலாம் கேள்வி ரொம்ப சாதுவான கேள்வி. உங்கள் வீட்டில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று கேட்டிருந்தாள். அவ்வளவுதான். ஒன்பதரை மணிக்கு எண்பத்தாறு தாள் முடிந்திருந்தது. அதில் ஐம்பத்தெட்டு வீடுகளில் ஒருவருமே குடியில்லை.

அப்பாவுக்கு அந்த ஐம்பத்தெட்டு வீடுகளும் கண்முன் தெரிந்தன. விளக்கில்லாத ஜன்னல்கள், தானாக ஆடும் திரைச்சீலைகள், தட்டில் ஆறிக்கொண்டிருக்கும் சாப்பாடு. பதிலை எழுதிய பிள்ளைகள் தங்களைக்கூடக் கணக்கில் சேர்க்காமல், பையும் தோளுமாக அவரவர் வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

பெரியவள் சராசரி போட்டுப் பார்த்தாள். பிறகு வழிகாட்டிப் பேராசிரியைக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்தாள்.

“மேடம், ஒரு வீட்டுக்குச் சராசரியா அரை ஆள் வருது.”



“அரை ஆள்னா தாளை நிரப்பினது யாரும்மா? அந்த அரையா, இல்ல மீதி அரையா?”

“தெரியல மேடம்.”

“பிள்ளைங்க விளையாடியிருக்காங்க. வீட்டுல எத்தனை பேர்னு கேட்டதுக்கே பொய் சொல்றவங்க, குடியைப் பத்தி உண்மையா சொல்லியிருப்பாங்கன்னு எப்படி நம்புறது? மூணு மணிக்குள்ள எனக்குக் காரணம் வேணும். இல்லன்னா இருநூறு தாளும் குப்பை. புதுசா இருநூறு பேரைத் தேடு. இந்த வருஷம் பட்டம் கிடையாது.”

போன் வைக்கப்பட்டது. பெரியவள் அழவில்லை. அழுவதற்கு முன் மூக்கின் நுனி சிவக்குமே, அது சிவந்தது.

“விடும்மா,” என்றார் அப்பா. “மிச்சத்தையும் பாத்துடுவோம். எண்பத்தேழு. நாலு, ரெண்டு. பாத்தியா, ரெண்டு பேர் இருக்காங்க! அஞ்சு, பீரும் மதுதான். நல்ல பையன். ஏழு, குடித்திருக்கிறேன். எட்டு, ஒரு தடவை. ஒன்பது...”

பத்தாம் கேள்விக்கு மாணவர்களே எழுத வேண்டும். ஏன் குடித்தீர்கள்?

எண்பத்தேழாவது ஆள் எழுதியிருந்தது மூன்றே சொல். ‘வேணாம்னு சொல்ல வரல.’

அப்பாவின் விரல் அந்த ‘ணா’வின் மேல் நின்றது. மூன்று சுழி போட வேண்டிய இடத்தில் நாலாவதாக ஒரு அரைச்சுழி. இந்த உலகத்தில் ‘ண’வுக்கு அரைச்சுழி இனாமாகக் கொடுக்கிற கை ஒன்றே ஒன்றுதான். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவர் திருத்திப் பார்த்து, தோற்றுப்போன கை. அது இப்போது உள்ளறையில் தலையணையைக் கட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

“பத்து என்னப்பா?”

“வேணாம்னு சொல்ல வரல.”

“எது வரல?”

“அதாம்மா பதில்.” அப்பா எழுந்தார். “நான் கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வரேன்.”

எண்பத்தேழாம் தாளைத் திருப்பாமல் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டின் கீழ் செருகிவிட்டுப் போனார்.

சமையலறையில் அவர் தண்ணீர் குடிக்கவில்லை. என் பையன் குடித்திருக்கிறான். ஒரு தடவை. அதைவிட நாலாம் கேள்விதான் நெஞ்சில் முள்ளாக நின்றது. வீட்டில் ரெண்டு பேர் என்று போட்டிருக்கிறான். இருப்பது நாலு பேர். விட்டுப்போன ரெண்டு பேர் யார்? தன்னையும் அம்மாவையும் எழுதிக்கொண்டு, அப்பாவை அடித்துவிட்டானா?

கேட்கலாமென்றால் கையெழுத்துப் போட்டாயிற்று. காற்புள்ளியோடு.

பத்து மணிக்குச் சின்னவன் எழுந்து வந்து ரொட்டியில் ஜாம் தடவ ஆரம்பித்தான். அப்பா எதிரில் உட்கார்ந்தார்.

“ஏன்டா, நம்ம வீட்டுல எத்தனை பேரு?”

“ஏம்ப்பா, யாராவது தொலைஞ்சுட்டாங்களா?”

“சும்மா சொல்லேன்.”

“நாலு.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு. ரெண்டு இல்லையே?”

“அப்பா, அஞ்சாவதா யாராவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அம்மா வர்றதுக்குள்ள பேசி முடிச்சுடலாம்.”

அப்பா வேறு பக்கமாகச் சுற்றி வந்தார்.

“பொதுவா கேக்கறேன். யாராவது உன்கிட்ட எதையாவது நீட்டினா, வேணாம்னு சொல்லத் தெரியுமா உனக்கு?”

“எதை நீட்டினா?”

“எதையாவது. இப்ப இந்த ரொட்டியை நீட்டறேன்னு வச்சுக்கோ.”

“வேணாம்ப்பா. எனக்கு இதுவே போதும்.”

“பாத்தியா! சொல்ல வருது! இன்னொரு தடவை சொல்லு.”

“வேணாம்.”

“கொஞ்சம் அழுத்தமா.”

“வேணாம்!”

“நான் கட்டாயப்படுத்தறேன். எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க, நீ மட்டும்தான் பாக்கி. ஒரே ஒரு கடி.”

சின்னவன் அப்பாவைப் பார்த்தான். அட்டைப்பெட்டியைப் பார்த்தான். திரும்ப அப்பாவைப் பார்த்தான். நீட்டிய ரொட்டியை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, ஜாமோடு ஜாமாக எழுந்து ஓடினான்.

வாசலில் அம்மாவோடு மோதிக்கொண்டான். அம்மா ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பக்கத்து இருக்கையில் ஒரு பிரேக்கைக் காலடியில் வைத்துக்கொண்டு பதினைந்து வருடம் உட்கார்ந்தவள். வீட்டிலும் அந்தக் கால் ஓய்வதில்லை.

“எங்கே ஓடற? வணக்கம் சொல்லிட்டுப் போ.”

“வணக்கம்மா!”

அம்மா முகர்ந்தாள். அவள் காரில் ஏறுகிற எல்லோரும் முதலில் வணக்கம் சொல்லியாக வேண்டும். நேற்றிரவு என்ன நடந்தது என்று அந்த வணக்கமே சொல்லிவிடும். போன மாதம் மட்டும் மூன்று மாணவர்களை வணக்கத்தோடு இறக்கிவிட்டிருக்கிறாள்.

“ஸ்ட்ராபெரி,” என்றாள். “போ.”

உள்ளே வந்தவள், மகளின் மூக்கையும் கணவரின் முகத்தையும் பார்த்தாள்.

“என்ன ஆச்சு? ரெண்டு பேரும் எதுலயோ இடிச்சுக்கிட்ட மாதிரி உக்காந்திருக்கீங்க?”

பெரியவள் சொன்னாள். ஐம்பத்தெட்டு ஆளில்லாத வீடுகள், அரை ஆள், மூன்று மணி, எல்லாவற்றையும் சொன்னாள்.

“கேள்வியை ஒரு தடவை வாசி.”

“உங்கள் வீட்டில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள்?” பெரியவள் கணினியைப் பார்த்துச் சொன்னாள்.

“அதுல இல்ல. பிள்ளைங்க கையில குடுத்த தாள்ல என்ன இருக்குன்னு பாரு. நான் இடதுபக்கம்னு சொன்னா அவங்க காதுல வலதுபக்கம்னு விழுது. அவங்க இருக்கையிலேருந்து பாத்தாதான் தெரியும்.”

பெரியவள் ஒரு தாளை எடுக்கப் போனாள். அப்பா அவளை முந்திக்கொண்டு, கண்ணாடிக் கூட்டின் கீழிருந்த எண்பத்தேழாம் தாளின் மடிப்பைப் பிரித்தார். மற்ற தாள்களை விட அதில்தான் அவருக்கு அவசரம்.

‘4. உங்கள் வீட்டில் எத்தனை பேர் குடித்திருக்கிறார்கள்?’

அப்பா மூன்று முறை படித்தார்.

“யி!” என்று கத்தினார். “யி எங்கே? குடியிருக்கிறார்கள்ல இருந்த ‘யி’ எங்கே போச்சு? இந்த ‘த்தி’ எங்கேருந்து வந்துச்சு? எவன் செஞ்ச வேலை இது? எந்த அச்சகம்? இவனையெல்லாம் அச்சகத்துக்குள்ள விடறதே தப்பு!”

பெரியவள் கோப்பைத் திறந்து, அச்சுக்குப் போகும் முன் திருத்திய படியை எடுத்து மேசையில் வைத்தாள். நாலாம் கேள்வியில் ‘யி’ சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, மேலே ‘த்தி’ என்று எழுதியிருந்தது.

“பாரு,” என்றார் அப்பா. “நல்ல வேலை தெரிஞ்சவன்தான். கோடு எவ்வளவு நேரா...”

பேச்சு அங்கேயே நின்றது.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு மாலையில், கேள்வித்தாள் முழுக்கக் குடி, குடி என்று வருவதைப் பார்த்துக்கொண்டே வந்து, நடுவில் ஒரு ‘குடியிருக்கிறார்கள்’ கண்ணில் பட்டதும், பாவம் பிள்ளை, அவசரத்தில் எழுத்தைத் தவறவிட்டுவிட்டாள் என்று பரிவோடு திருத்தியது அவருக்கு நினைவு வந்தது. அன்று ரொம்பத் திருப்தியாகத் தூங்கியதும் நினைவு வந்தது.

இருபத்தாறு வருடம். முதல் பிழை. அதுவும் சரியாக இருந்ததைத் திருத்தி.

அம்மாதான் முதலில் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டுதான் ஆரம்பித்தாள், பிறகு நாற்காலி குலுங்கியது. பெரியவளுக்கும் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டும் சேர்ந்து வந்தன.

“அப்போ யாரும் பொய் சொல்லலப்பா! ஐம்பத்தெட்டு வீட்டுல யாரும் குடிச்சதில்ல, அவ்வளவுதான். பிள்ளைங்க உண்மையைத்தான் எழுதியிருக்காங்க!”

உடனே போன் போட்டாள். நடந்ததை ஒரு எழுத்து விடாமல் சொன்னாள். பேராசிரியை சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

“நல்லவேளை,” என்றார் பேராசிரியை. “ஆனா பல்கலைக்கழகத்துல நாம அனுமதி வாங்காத கேள்வி அது. அந்தப் பத்தியை அப்படியே மூடி வை, எங்கேயும் பயன்படுத்தாதே. என்ன தப்பு, எப்படி நடந்ததுன்னு ஒரு பக்கம் எழுதிக் கொண்டா. மத்த பதில்கள் செல்லும். திருத்தினது யாரு?”

பெரியவள் அப்பாவைப் பார்த்தாள்.

“அப்பான்னு சொல்லும்மா,” என்றார் அப்பா, தூக்குமேடை ஏறுகிற குரலில். “பிழைதிருத்துபவரின் பிழைன்னு போடு. நடுவுல ஒற்று மிகாது.”

பெரியவளின் பட்டம் தப்பியது. வீட்டில் காற்று கொஞ்சம் லேசானது. அம்மா சோறு எடுத்து வைத்தாள். அப்பா இரண்டு வாய் சாப்பிட்டார், மூன்றாவதில் கை நின்றுவிட்டது.

நாலாம் கேள்வி மாறிவிட்டதென்றால் அதன் பதிலும் மாறிவிட்டதே! சின்னவன் தன்னை விட்டுவிடவில்லை. அந்த வருத்தம் தீர்ந்தது. ஆனால் ரெண்டு பேர் குடித்திருக்கிறார்கள் என்றல்லவா ஆகிறது? ஒன்று அவன். இன்னொன்று?

மனைவியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

“நான் பேர் சொல்ல மாட்டேன். கையெழுத்துப் போட்டிருக்கேன். எண்பத்தேழாவது வீடுன்னு ஒரு வீடு. அந்த வீட்டுல ரெண்டு பேர் குடிச்சிருக்காங்களாம்.”

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். “எண்பத்தேழாவது வீடு எத்தனாவது மாடி?”

“அதை வெளியிட முடியாது.”

“மூணாவதா?”

அப்பா மோர் குடித்தார்.

“எனக்கு எதுவும் கேக்கல,” என்று பெரியவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். “நான் ஆராய்ச்சியாளர். நான் இங்கே இல்லவே இல்ல.”

“அந்த வீட்டுப் பையன் ஒரு தடவை குடிச்சிருக்கான்,” என்றார் அப்பா. “சொல்லவே மனசு வலிக்குது. அந்த இன்னொரு ஆள் யாருன்னுதான் தெரியல.”

அம்மாவின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. தட்டைத் தள்ளி வைத்தாள். “பையன் ஒரு தடவைதானா?”

“ஒரு தடவைதான். வேணாம்னு சொல்ல வரலையாம்.”

“அவனை நான் பாத்துக்கறேன்.” அம்மா மூச்சை இழுத்து விட்டாள். “இன்னொரு ஆள் அந்த வீட்டு அப்பா.”

“அந்த வீட்டு அப்பா அந்தப் பக்கமே தலைவச்சுப் படுத்ததில்ல!”

“மூணு வருஷத்துக்கு முன்னாடி, அச்சகத்து ஆண்டு விழா. மாதுளை ஜூஸ்.”

“ஜூஸ்தானே? ரத்தத்துக்கு நல்லதுன்னு நாலு டம்ளர் குடிச்சேன். அதனாலதான் மறுநாள் காய்ச்சல் வந்துச்சு.”

“காய்ச்சல்னு நாங்கதான் சொன்னோம். பழத்துண்டு மிதந்தா ஜூஸ் ஆயிடுமா? வாசல்ல நின்னு நீங்க எனக்கு வணக்கம் சொன்னீங்க. நானா கேக்கல, நீங்களே சொன்னீங்க. பள்ளிக்கூடத்துல எவன் அப்படி வணக்கம் சொல்லியிருந்தாலும் சாவியைப் பிடுங்கியிருப்பேன்.”

“நான் நிதானமாத்தானே படி ஏறி வந்தேன்?”

“ஏறி வந்தீங்க. வந்து எதிர்வீட்டு வாசல்ல நின்னு, பையிலேருந்து சிவப்புப் பேனாவை எடுத்தீங்க.”

அப்பா எழுந்து போய்க் கதவைத் திறந்தார். எதிரே பல் டாக்டரின் பலகை. நேரான சிவப்புக் கோடு. தெளிவான ரெண்டு சுழி ‘ன’.

ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அதாவது,” என்று திரும்பி வந்து மெதுவாகக் கேட்டார், “அந்த நிலைமையிலயும் சரியாத்தான் திருத்தியிருக்கேன். இல்ல?”

“அதுல ஒண்ணும் குறையில்ல,” என்றாள் அம்மா.

சாப்பாடு முடிந்து, இலகுவான மனத்தோடு மறுபடி மேசையில் உட்கார்ந்தார்கள். அப்பாவின் குரல் தணிந்திருந்தது. வேணாம்னு சொல்லத் தெரியாத பையனை, மாதுளை ஜூஸில் மது இருந்ததே தெரியாத அப்பா எந்த முகத்தோடு திட்டுவது? சாயங்காலம் அவன் வந்ததும் பக்கத்தில் உட்காரவைத்து, ரொட்டி ஜாம் எதுவும் இல்லாமல் நேராகவே பேசிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

“எண்பத்தேழு பாதியில நிக்குதுப்பா. பின்பக்கம், பதினொண்ணுலேருந்து.”

அப்பா தாளைத் திருப்பினார். பதினொன்றாம் கேள்வி: முதன்முதலில் உங்களுக்கு மது கொடுத்தது யார்? நண்பர், உடன் படிப்பவர், உறவினர், மற்றவர்.

“மற்றவர்,” என்று வாசித்தார்.

பெரியவள் தட்டினாள். “பக்கத்துல குறிப்பிடவும்னு இருக்குமே, அதுல என்ன எழுதியிருக்கு?”

‘அக்காவைக் கட்டிக்கப்போறவர்’ என்று எழுதியிருந்தது.

அப்பா அதையும் மூன்று முறை படித்தார். இந்த வீட்டில் பெரியவளின் கல்யாணத்தைப் பற்றி இதுவரை ஒருவரும் பேச்செடுத்ததில்லை. யாரையும் பார்த்ததில்லை. யாரும் வந்து பார்த்ததுமில்லை.

பெரியவளின் விரல்கள் விசைப்பலகையின் மேல் காத்திருந்தன. அவள் முகத்தில் ஆராய்ச்சியைத் தவிர வேறெதுவும் இல்லை.

டாக்டர்களின் மருந்துச்சீட்டையே தலைகீழாகப் பிடித்துப் படித்துவிடுகிற அப்பா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டினார்.

“கையெழுத்து புரியலம்மா,” என்றார்.

பின்னால் கை துடைத்துக்கொண்டே வந்து நின்ற அம்மா, அவர் தோளுக்கு மேல் கையை நீட்டினாள்.

“குடுங்க. நான்தான் எந்த உறுதிமொழியிலயும் கையெழுத்துப் போடலையே.”